‘நாள் தள்ளியிருக்கா?’ ராமநாதபுரம் கடலோர ஊர்த் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஊர்த் தலைவர்களே, ஜமாத் நிர்வாகிகளே, பங்குப் பேரவையினரே,

வணக்கம்.

என் பெயர் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. ‘நர்ஸம்மா’ என்றால் தெரியும். கிராம சுகாதார செவிலியராக இந்தக் கரையில் 32 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தேவிபட்டினம் பக்கம் தொடங்கி, மண்டபம், வேதாளை, பெரியபட்டினம் என்று மாறி மாறி, கீழக்கரைக்கு மேற்கே வந்து முடித்தேன். உங்களில் பலருடைய பிள்ளைகளுக்கு முதல் தடுப்பூசி போட்டது நான்தான். இப்போது தலைவராக இருக்கும் ஒன்றிரண்டு பேருக்கே போட்டிருக்கிறேன். எங்கே போட்டேன் என்று எழுதினால் கோபித்துக்கொள்வார்கள்.

இந்த மடல் கருப்பைக்கு வெளியே, குழாயில் நின்றுவிடுகிற கர்ப்பம் பற்றியது. ‘பொம்பளைங்க சமாச்சாரம், வீட்டுல குடுத்துருவோம்’ என்று மடித்து வைத்துவிடாதீர்கள். வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லிச் சொல்லி நான் ஓய்ந்துவிட்டேன். அவர்களுக்குப் புரியாமல் இல்லை. ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு வண்டியை எடுக்கச் சொல்லும் அதிகாரம் அவர்கள் கையில் இல்லை. அது உங்கள் கையில் இருக்கிறது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

2003, ஆவணி மாதம். பாசி எடுக்கிற பெண் ஒருத்தி துணை சுகாதார நிலையத்துக்கு வந்தாள். முப்பது வயது இருக்கும். இரண்டு பிள்ளைகள். இரண்டாவது பிரசவத்தோடு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் முடித்தவள்; அதற்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனதே நான்தான். கடலிலிருந்து நேராக வந்திருந்தாள். தலையில் உப்புத் தண்ணீர் சொட்டுகிறது, விரல்களில் சுற்றிய துணியை இன்னும் அவிழ்க்கவில்லை. “தோள்பட்டை குத்துதுக்கா. உக்காந்தா தேவலை, படுத்தா ரொம்பக் குத்துது. அடிவயிறும் ஒரு மாதிரியா இருக்கு” என்றாள்.

தீவுப் பக்கம் போய் மூச்சடக்கி முங்கி, மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்கிற கடற்பாசிகளைப் பாறையிலிருந்து பிய்த்து, இடுப்புப் பையை நிரப்பிக்கொண்டு வருகிறவளுக்குத் தோள் வலிக்காமல் என்ன செய்யும்? அப்படித்தான் நினைத்தேன். வலி மாத்திரை நாலு, வயிற்றுக்கு இரண்டு கொடுத்தேன். வாசல் வரைக்கும் போனவள் திரும்பி நின்று, “லேசாப் படுது வேற” என்றாள். மாதவிலக்கு நேரம் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு, “வெந்நி ஒத்தடம் குடு” என்று அனுப்பிவிட்டேன். கடைசியாக எப்போது குளித்தாய், அதாவது மாதவிலக்கு எப்போது வந்தது என்று கேட்கவில்லை. ஆபரேஷன் செய்தவளிடம் அதை எதற்குக் கேட்க வேண்டும்?

அன்று சாயங்காலம் வேறொரு இடத்தில் ‘கேஸ் டிரபிள்’ என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். வீட்டில் மாமியார் தொப்புளைச் சுற்றிப் பெருங்காயம் தடவினார். குடலேற்றம் என்று சொல்லி ஒரு கிழவி வந்து வயிற்றை நீவிவிட்டுப் போனாள். வெளிக்குப் போக வேண்டும்போல முட்டுகிறது என்று எழுந்து போனவள் கொல்லையில் விழுந்துகிடந்தாள். தூக்கி வந்து முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். கண் விழித்தாள். உதடு வெளிறிவிட்டது, கை காலெல்லாம் சில்லென்று வேர்வை. புருஷன் தங்கலுக்கு, ராத்திரி கடலிலேயே தங்கி மீன் பிடிக்க, போயிருந்தான். விடிய கரைக்கு வருவான். “அவன் வரட்டும், வந்ததும் கூட்டிட்டுப் போகட்டும்” என்றார்கள். அந்த ஒரு வார்த்தையில் நாலு மணி நேரம் போயிற்று.

கடைசியில் என்னை எழுப்பினார்கள். 108 எல்லாம் அப்போது கிடையாது, அது 2008-ல்தான் வந்தது. ஐஸ் பெட்டிகளோடு ராமநாதபுரத்துக்குக் கிளம்பின ஒரு மீன் வண்டியை மறித்து, பெட்டிகளை ஓரம் தள்ளிச் சாக்கு விரித்துப் படுக்க வைத்தோம். விரல்களை அவள் மணிக்கட்டில் வைத்தபடியே போனேன். நாடி எண்ண முடியாத வேகத்தில் ஓடியது, பிறகு நூல்போல ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி: “நாள் தள்ளியிருக்கா?” கூட வந்த ஐந்து பேரில் ஒருத்தருக்கும் பதில் தெரியவில்லை. எனக்கும்தான். யூரின் எடுத்து, கர்ப்பம் பார்க்கிற கார்டில் சொட்டு விட்டார்கள். இரண்டு கோடு விழுந்தது. விடியும் முன்பே வயிற்றைத் திறந்தார்கள். உள்ளே ஏறக்குறைய இரண்டு லிட்டர் ரத்தம் தேங்கி நின்றது என்று பிறகு சொன்னார்கள். வெளியே போனது ஒரு துணி நனையும் அளவுகூட இல்லை.

பிழைத்துக்கொண்டாள். ஒரு மாதம் கழித்து மாத்திரை வாங்க வந்தவள் திண்ணையில் உட்கார்ந்து கேட்டாள்: “ஏன்க்கா, நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேனே, நாள் தள்ளி இருவது நாளாச்சுன்னு.”

“நீயே சொல்லியிருக்கலாமே” என்றேன்.

“ஆபரேஷன் பண்ணினவ நாள் தள்ளியிருக்குன்னு வாயத் தொறந்தா இந்த ஊருல என்ன பேச்சு வரும்னு உங்களுக்குத் தெரியாதா?”

எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

அவளுக்கு வந்தது கருக்குழாய்க் கர்ப்பம். ஊரில் ‘டியூப்புல தங்கிருச்சு’ என்பார்கள். முட்டையும் விந்தணுவும் சேர்வது கருப்பைக்குள் என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படியில்லை. கருப்பையின் இரண்டு பக்கமும் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் ஒவ்வொரு குழாய் இருக்கிறது, சேர்வது அதற்குள்ளே. அங்கே உருவாகிற கரு, குழாயின் உட்சுவரில் உள்ள நுண்ணிய மயிரிழைகள் தள்ளத் தள்ள நாலைந்து நாளில் கருப்பைக்கு வந்து சேர வேண்டும். முகத்துவாரத்தில் மணல் மேடிட்டால் வத்தை தரைதட்டி நின்றுவிடுகிறதல்லவா, அந்த மாதிரி குழாயில் தழும்போ அடைப்போ இருந்தால் கரு வழியிலேயே நின்று அங்கேயே வேர் விட்டுவிடும். 100 கர்ப்பத்தில் ஒன்றோ இரண்டோ இப்படி இடம் மாறி நிற்கிறது. அவற்றில் பத்தில் ஒன்பதுக்கு மேல் குழாயில்தான். அபூர்வமாகச் சினைப்பையில், கருப்பை வாயில், முந்தின சிசேரியன் தழும்பில்கூட நிற்பதுண்டு.

கருப்பை தடித்த சதை. பத்து மாதமும் விரிந்து கொடுக்கும். குழாய்க்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கடைசியாகக் குளித்த நாளிலிருந்து கணக்குப் போட்டால் பெரும்பாலும் 6 முதல் 8 வாரத்துக்குள் வலி காட்டத் தொடங்கும். விட்டால் குழாய் வெடித்து ரத்தம் வயிற்றுக்குள் கொட்டும். இதில் கவனிக்க வேண்டியது அந்த வாரக் கணக்கு. நம் ஊரில் மூன்று மாதம் தாண்டாமல் ‘முழுகாம இருக்கா’ என்று வெளியே சொல்ல மாட்டோம், கண்ணுபட்டுவிடும் என்பார்கள். அரசாங்கமும் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதிக்கு 12 வாரத்துக்குள் பதிந்தால் போதும் என்கிறது. குழாய் அதுவரை காத்திருப்பதில்லை. நர்ஸின் பதிவேட்டில் பெயர் ஏறும் முன்பே வெடித்துவிடுகிற கர்ப்பம் இது. வெளியே சொல்லாத அந்த மூன்று மாதத்துக்குள்தான் எல்லாம் நடந்து முடிகிறது.

‘கருவை எடுத்துக் கருப்பைக்குள் வைத்துவிட முடியாதா?’ என்று எத்தனையோ தாய்மார்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். முடியாது. அப்படியொரு வைத்தியம் உலகத்தில் எங்குமே இல்லை. பள்ளிவாசலிலும் கோயிலிலும் உங்களிடம் வேறு விதமாகக் கேட்பார்கள்: ‘இதை எடுப்பது உயிரைக் கலைப்பது ஆகாதா?’ குழாயில் நிற்கிற கரு பிழைத்து வளர வழியே இல்லை. அதை விட்டுவைத்தால் தாயும் போவாள். கேட்கிறவர்களிடம் இதை மென்று முழுங்காமல் சொல்லுங்கள். உங்கள் வாயால் சொன்னால் ஒரு மாமியாராவது அரை மணி நேரம் முன்னால் சம்மதிப்பார்.

யாருக்கு வரும்? முன்பே ஒரு தடவை வந்தவர்களுக்கு மறுபடி வரும் வாய்ப்பு அதிகம். ஏறத்தாழப் பத்துப் பேரில் ஒருத்திக்குத் திரும்ப வரும். வெள்ளைப்படுதலோடு அடிவயிற்று வலியும் காய்ச்சலும் வந்து சரியாக வைத்தியம் பார்க்காமல் விட்டவர்கள், கருக்குழாயில் காசநோய் கண்டவர்கள், குழந்தைப்பேறு சிகிச்சையில் இருப்பவர்கள், குழாயில் ஏற்கெனவே கத்தி பட்டவர்கள், இவர்களெல்லாம் கவனமாக இருக்க வேண்டும். அந்தக் கடைசி வரிசையில்தான் குடும்பக் கட்டுப்பாடு செய்தவர்களும் வருகிறார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு கரு பிடிப்பதே அபூர்வம். ஆனால் தவறிப் பிடித்துவிட்டால், மூன்றில் ஒன்று குழாயில் நிற்கும். காப்பர்-டி போட்டிருக்கும்போது கரு தங்கினாலும் இதே சந்தேகம் வர வேண்டும். தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கு மேல் ஆபரேஷன் முடித்தவர்கள். ‘இவளுக்கு ஆபரேஷன் ஆயிருச்சே’ என்கிற சமாதானம் எத்தனை வீட்டில் இருக்கும் என்று பாருங்கள். நர்ஸ் உடுப்பு போட்ட நானே அந்தச் சமாதானத்தில்தான் ஏமாந்தேன். அதே சமயம், வந்தவர்களில் பாதிப் பேரிடம் இந்தக் காரணம் ஒன்றுமே இருக்காது. எனவே ‘அவளுக்கு எதுவும் கோளாறு இல்லையே’ என்பதும் பேச்சு இல்லை.

கடலில் முங்குவதால் இது வருவதில்லை. வண்டியில் போனதால், பாரம் தூக்கியதால் வருவதுமில்லை. இதைத் தனியாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

அடையாளம் மூன்று: நாள் தள்ளியிருப்பது, அடிவயிற்றில் (பெரும்பாலும் ஒரு பக்கமாக) வலி, கறுத்த நிறத்தில் விட்டு விட்டுப் படுவது. மூன்றும் சேர்ந்தே வரும் என்று காத்திருக்க முடியாது, ஏறத்தாழப் பாதிப் பேரிடம்தான் சேர்ந்து வரும். லேசாகப் படுவதைச் சில பெண்கள் ‘தள்ளிப்போன தீட்டு இப்பதான் வந்திருக்கு’ என்று எடுத்துக்கொள்வார்கள். அப்போது நாள் தள்ளின கணக்கே அழிந்துபோகும். அதனால் கேட்கிறவர்கள் ‘நாள் தள்ளியிருக்கா’ என்பதோடு நிறுத்தாமல், ‘போன தடவை எப்ப வந்துச்சு, வழக்கம்போலப் பட்டுச்சா, கம்மியா வித்தியாசமாப் பட்டுச்சா’ என்றும் கேட்க வேண்டும்.

இதற்குமேல் இரண்டு அடையாளம் உண்டு. அந்தப் பெண் இரண்டையும் என்னிடம் காட்டினாள், எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை. ஒன்று தோள் வலி. வயிற்றுக்குள் கசிகிற ரத்தம் மேலே ஏறி, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற உதரவிதானத்தின் அடியில் போய்த் தொடும். உதரவிதானத்துக்கு வருகிற நரம்பும் தோளுக்குப் போகிற நரம்பும் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன. எரிவது அங்கே, வலி தெரிவது தோள் நுனியில். படுத்தால் ரத்தம் மேல்நோக்கி ஓடும், வலி கூடும், உட்கார்ந்தால் குறையும். வேலை செய்து வந்த தோள் வலி படுத்தால் ஆறும். இது படுத்தால் ஏறும். பாசி எடுக்கிறவர்கள், மீன் கூடை சுமக்கிறவர்கள், கருவாடு அள்ளுகிறவர்கள் நிறைந்த நம் கரையில் இந்த வித்தியாசத்தை எல்லாப் பெண்களும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இன்னொன்று, வெளிக்குப் போக வேண்டும்போல முட்டுவது. ரத்தம் கருப்பைக்குப் பின்னால் குழியில் தேங்கி மலக்குடலை அழுத்துவதால் வருவது அது. போய் உட்கார்ந்தால் ஒன்றும் வராது, எழும்போது கிறுகிறுத்து விழுவாள். கழிப்பறையில் மயங்கி விழுந்த இளம்பெண் என்றால் எனக்கு இப்போதெல்லாம் வேறு நினைப்பே வருவதில்லை.

பிரஷர் நார்மலாக இருக்கிறதே என்று ஏமாறவும் வேண்டாம். இளவயது உடம்பு நிறைய ரத்தம் போகும் வரைக்கும் பிரஷரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே இருக்கும், பிறகு ஒரேயடியாகக் கைவிடும். நாடி வேகமும் வெளுப்பும் வேர்வையும்தான் முன்னால் சொல்லும்.

மருத்துவமனையில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருந்தால் நல்லது; ‘ஸ்கேன்ல ஒண்ணுமில்லைன்னாங்க, திரும்பி வந்துட்டோம்’ என்று வருகிறவர்களைப் பிடித்து மறுபடி அனுப்பலாம். கார்டு, கரு இருக்கிறது என்று மட்டும் சொல்லும். எங்கே இருக்கிறது என்று சொல்லாது. இடம் காட்டுவது ஸ்கேன். அதிலும் வயிற்றின் மேல் வைத்துப் பார்ப்பதைவிட, பிறப்புறுப்பு வழியாக உள்ளே வைத்துப் பார்க்கிற ஸ்கேன்தான் இந்த ஆரம்ப நாளில் தெளிவாகக் காட்டும். கூச்சப்பட்டு வேண்டாம் என்று எழுந்து வந்துவிடுகிறவர்கள் உண்டு. ஒன்றிரண்டு நிமிட அசௌகரியம், அவ்வளவுதான். கருப்பைக்குள் கரு வளர்கிற பையும் அதற்குள் கருவுக்கு உணவு கொடுக்கிற சின்னப் பையும் தெரிந்தால் நிம்மதி. கார்டில் இரண்டு கோடு, ஸ்கேனில் கருப்பை காலி என்றால் இரண்டில் ஒன்று: ஐந்து வாரம்கூட ஆகாத இளங்கரு, அல்லது இடம் மாறிய கரு. அப்போது ரத்தத்தில் பீட்டா எச்.சி.ஜி. என்ற கர்ப்ப ஹார்மோனின் அளவைப் பார்த்துவிட்டு, 48 மணி நேரம் கழித்து மறுபடி எடுப்பார்கள். கருப்பைக்குள் நன்றாக வளர்கிற இளங்கருவில் அந்த அளவு இரண்டு நாளில் குறைந்தது பாதியாவது கூடியிருக்கும். பல பேருக்கு இரட்டிப்பாகிவிடும். மந்தமாக ஏறினாலோ நின்ற இடத்திலேயே நின்றாலோ சந்தேகம் பலக்கும். ஒழுங்காக ஏறினால் மட்டும் தப்பித்தோம் என்று அர்த்தமில்லை. எனவே ‘ரெண்டு நாள் கழிச்சு வாங்க’ என்று டாக்டர் சொன்னால் அது தட்டிக்கழிப்பது இல்லை. அந்த இரண்டாவது பயணத்துக்கு பஸ் காசு இல்லாமல் நின்றுபோனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வெடிக்கும் முன்பே தெரிந்துவிட்டால் வயிற்றைக் கிழிக்க வேண்டிய அவசியம்கூட வராமல் போகலாம். கரு சிறியதாக, இதயத் துடிப்பு இல்லாமல், எச்.சி.ஜி. அளவு குறைவாக இருந்தால் மெத்தோட்ரெக்சேட் என்ற ஊசி போடுவார்கள். அது கருவின் வளர்ச்சியை நிறுத்தும், உடம்பு மெல்லக் கரைத்துக்கொள்ளும். ஊசி போட்ட நாலாம் நாளும் ஏழாம் நாளும் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும், பிறகு அளவு இல்லாமல் போகும் வரை வாரா வாரம். இந்த நாட்களில் ஃபோலிக் ஆசிட் கூடாது. நாங்களே வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வருகிற இரும்புச்சத்து மாத்திரையில் அதுவும் சேர்ந்திருக்கிறது. ‘சத்து மாத்திரைதானே’ என்று முழுங்கிவிடக் கூடாது. மூன்று மாதத்துக்கு மறுபடி கரு தங்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஊசி போட்ட பிறகும் குழாய் வெடிப்பதுண்டு, அதனால் வலி அதிகமானால் ராத்திரி என்று பார்க்காமல் கிளம்ப வேண்டும். இத்தனைக்கும் வந்து போக முடியாத ஊர்க்காரி என்றால் டாக்டர்கள் லேப்ராஸ்கோபியிலேயே (சின்னத் துளை போட்டுச் செய்கிற ஆபரேஷன்) குழாயை எடுத்துவிடுவது நல்லது என்பார்கள். அது அவர்கள் கணக்கு, சரியான கணக்கும்கூட. வெடித்துவிட்டால் பேச்சே இல்லை, உடனே ஆபரேஷன்தான். ரத்தப் பிரிவு நெகட்டிவ் என்றால், அடுத்த கருவைக் காக்கப் போடுகிற ஆன்டி-டி ஊசியைப் பற்றி டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி, உங்களிடம் கேட்க வேண்டியதற்கு வருகிறேன்.

நம் ஆண்கள் கடலில் இருப்பவர்கள். தங்கலுக்குப் போனால் விடிய வருவார்கள், இல்லை மறுநாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம் என்றால் பாதிப் பேர் கேரளாப் பக்கம் வேலைக்குப் போய்விடுகிறார்கள். எல்லை தாண்டினார்கள் என்று பிடிபட்டு மாதக்கணக்கில் யாழ்ப்பாணத்துச் சிறையில் கிடக்கிறவர்களும் நம் பிள்ளைகள்தான். ‘அவன் வரட்டும்’ என்று சொல்கிற வீட்டுக்கு, அவன் எப்போது வருவான் என்பது அவனுக்கே தெரியாது. வயது வந்த ஒரு பெண் தன் ஆபரேஷனுக்குத் தானே கையெழுத்துப் போடலாம். புருஷன் கையெழுத்து இல்லாமல் போனால் யாராவது திட்டுவார்கள் என்ற பயமும், வண்டிக்கு யார் காசு கொடுப்பது என்ற கேள்வியும்தான் அந்த நாலு மணி நேரத்தை விழுங்குகின்றன. இந்த இரண்டையும் ஊர் தீர்த்துவைக்கலாம். தலைக்கட்டு வரி வாங்குகிறீர்கள், மீன் மகமை வாங்குகிறீர்கள், திருவிழாவுக்கு லட்சக்கணக்கில் செலவழிக்கிறீர்கள். ‘வலியோட ஒரு பொண்ணு விழுந்தா, புருஷன் இல்லாட்டியும் ஊர்க் கணக்குல வண்டி போகும், பிறகு பேசிக்கலாம்’ என்று ஒரு தீர்மானம் எழுதி வையுங்கள். வருடத்தில் ஒரு தடவைகூடச் செலவு வராமல் போகலாம். போகட்டுமே.

108-க்குக் கூப்பிடும்போது ‘வயித்து வலி’ என்று மட்டும் சொல்லாதீர்கள். ‘நாள் தள்ளியிருக்கு, வலியோட மயங்கி விழுந்துட்டா’ என்று சொல்லுங்கள். இரண்டுக்கும் ஓட்டத்தில் வித்தியாசம் இருக்கும். வண்டி வரும் வரைக்கும் காலை உயர்த்திப் படுக்க வையுங்கள், சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் வேண்டாம், எப்படியும் மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். வயிற்றை நீவக் கூடாது. குடலேற்றம் தட்டுகிற பாட்டிமார்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் நாள் தள்ளின பெண்ணின் வயிற்றில் அவர்கள் கை படக் கூடாது. ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் 55 கிலோமீட்டர் இருக்கும். பாம்பன் பாலத்தில் காற்றடிக்கிற நாளில் அது இன்னும் நீளம். ராமநாதபுரத்தில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்துவிட்டார்கள், முன்போல எல்லாவற்றுக்கும் மதுரைக்கு ஓட வேண்டிய காலமில்லை. ஆனால் அந்த வாசல் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது நம் வேலை.

ரத்தம் வேண்டும். இளைஞர் மன்றத்துப் பையன்களுக்கு ரத்தப் பிரிவு பார்த்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கபடிப் போட்டிக்கு அணி சேர்க்கிற நேரத்தில் பாதி போதும்.

அடுத்தது மெடிக்கல் கடை. உங்கள் ஊர்க் கட்டிடத்தில் வாடகைக்கு இருக்கிற கடைகளும் உண்டு, அதனால் உங்கள் பேச்சுக்கு மதிப்பிருக்கும். சீட்டு இல்லாமல் கருக்கலைப்பு மாத்திரை கொடுக்கிற பழக்கம் நிற்க வேண்டும். அந்த மாத்திரை கருப்பைக்குள் இருப்பதைத்தான் வெளியேற்றும், குழாயில் நிற்பதை ஒன்றும் செய்யாது. ஆனால் ரத்தம் படும், வலி வரும். ‘மாத்திரை வேலை செய்யுது’ என்று பெண் படுத்துக்கிடப்பாள், குழாய் அதுபாட்டுக்கு வெடிக்கும். இதைவிட மோசமான மறைப்பு வேறெதுவும் இல்லை. கார்டு வாங்குவதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. காலையில் ஒருத்தி கார்டு வாங்கினால் சாயங்காலம் ஐஸ் கம்பெனி வரைக்கும் தெரிந்துவிடுகிறது. பழைய பேப்பரில் சுற்றிக் கொடுத்தாலும் அந்தச் சுற்றே காட்டிக்கொடுக்கும்! மகளிர் குழுத் தலைவியிடமோ, பாசி எடுக்கப் போகிற குழுவில் மூத்தவளிடமோ பத்து கார்டு இருந்தால் போதும். நர்ஸிடம் கேட்டால் இலவசமாகவே கொடுப்பார்கள். ஒருத்திக்குக் காலையில் இரண்டு கோடு தெரிந்தால், சாயங்காலம் தோள் வலிக்கும்போது நர்ஸ் ஏமாற மாட்டாள்.

கடைசியாக, எழுதத் தயங்கிக்கொண்டே வந்தது. உங்கள் பஞ்சாயத்து பற்றி.

ஒரு ஊரில் (பேர் சொல்ல மாட்டேன், படிக்கும்போது அவர்களுக்கே தெரியும்) குழாய் எடுத்த பெண்ணை வைத்து வாழ மாட்டோம் என்று மாப்பிள்ளை வீட்டார் வந்து நின்றார்கள். கல்யாணமாகி ஒன்றரை வருடம். ‘குழாயை எடுத்தாச்சு, இனி பிள்ளை ஏது’ என்பது ஒரு வாதம். ‘மாசமா இருக்கும்போது கடல்ல முங்கினா, அதனாலதான்’ என்பது இன்னொன்று. என்னை யாரும் கூப்பிடவில்லை. ஆண்கள் பேசி, நகையைத் திருப்பிக் கொடுத்து, பிரித்துவிட்டார்கள். நான் கேள்விப்பட்டுப் போனபோது அந்தப் பிள்ளை பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு குழாயில் ஒன்று இன்னும் நன்றாக இருந்தது. ஒரு குழாய் இருந்தாலே பிள்ளை உண்டாகும், அப்படிப் பெற்றவர்கள் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். அடுத்த தடவை நாள் தள்ளினதும், ஆறாவது வாரத்திலேயே ஸ்கேன் எடுத்து இடம் சரிதானா என்று பார்த்துவிட்டால் போதும். முங்கினதால் வந்தது என்பது சுத்தப் பொய். இந்த இரண்டு வரியைச் சொல்ல ஒரு நர்ஸை அழைத்திருந்தால் அரை மணி நேரம் ஆகியிருக்கும்.

இப்படி ஒரு வழக்கு உங்கள் முன் வந்தால் டாக்டர் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். எந்தக் குழாய், மற்றது எப்படி இருக்கிறது என்று அதில் எழுதியிருக்கும். படிக்கத் தெரியாவிட்டால் என்னைக் கூப்பிடுங்கள்.

அந்தப் பாசிக்காரப் பெண் இன்னமும் கடலுக்குப் போகிறாள், பேத்தி எடுத்துவிட்டாள். போன மாதம் சந்தையில் பார்த்தபோது, மருமகளுக்கு நாள் தள்ளி ஒன்பது நாளாகிறது என்று என் காதோடு சொன்னாள். மூன்று மாதம் காத்திருக்கவில்லை. மறுநாளே கார்டு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அடுத்த ஊர்க் கூட்டத்துக்கு அழைத்தால் வருகிறேன். பெண்கள் பின்னால் சுவரோரம் நின்று கேட்பதாக இருந்தால் வரமாட்டேன். முன்வரிசையில் பாய் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊர் நர்ஸம்மா
(ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்)